எட்டு கேமராவா, இரண்டு கேமராவா? தொலைவிலிருந்து வீட்டைக் கவனிக்க நினைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு வயது 71, தனியாக இருக்கிறார். மாடியுடன் கூடிய தனி வீடு. முன்பக்கம் கேட், கேட்டிலிருந்து வாசல் சுவர் 8 மீட்டர் இருக்கும். பின்னால் ஒரு குறுகிய சந்து. மாடிக்குப் படி வெளியிலிருந்தே போகிறது. போன மாதம் ஓர் இரவு யாரோ சுவரேறிக் குதித்த மாதிரி சத்தம் கேட்டதாக அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கேமரா பொருத்துபவர் எட்டு கேமரா வேண்டும் என்கிறார். தம்பியோ, வைஃபை கேமரா இரண்டு வாங்கி கிளவுடில் சேமித்தால் போதும் என்கிறான். அம்மா, "என்னை வேவு பார்க்கவா இதெல்லாம்?" என்று கோபப்படுகிறார். யாராவது ஹேக் செய்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. வீட்டில் ஒரு பழைய ஸ்மார்ட்போன் சும்மா கிடக்கிறது, அதையே கேமராவாக்கலாமா? எதை வாங்குவது, எப்படி வைப்பது என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

எண்ணிக்கையைப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு தாளில் வீட்டின் அமைப்பைக் கிறுக்கலாகவாவது வரையுங்கள். கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள். 'கேட்டைத் திறந்து வந்தது யார்?' என்பது ஒரு கேள்வி. 'சந்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா?' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு முகம் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு உருவம் தெரிந்தாலே போதும். அதனால் லென்ஸும் மாறும், பொருத்தும் உயரமும் மாறும். எந்தக் கேள்வியும் எழுத வராத இடத்துக்குக் கேமரா வேண்டாம். உங்கள் கடிதத்தை வைத்து நான் எழுதிப் பார்த்தால் நான்கு கேள்விகள் வருகின்றன: கேட்டில் வருவது யார், வாசலில் நிற்பது யார், பின் சந்தில் யாராவது இருக்கிறார்களா, மாடிப்படியில் யாராவது ஏறுகிறார்களா. ஆக, நான்கு கேமரா.

இப்போது மெகாபிக்சல் கதைக்கு வருவோம். விற்பவர்கள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். லென்ஸைப் பற்றிப் பெரும்பாலும் வாயே திறக்க மாட்டார்கள். ஆனால் முகம் தெரியுமா தெரியாதா என்பதை இரண்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. 2014-ல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு ஓர் அளவு வகுத்தது. முன்பின் தெரியாத ஒருவரைப் படத்திலிருந்து அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படப் புள்ளிகள், விழ வேண்டும். ஏற்கெனவே தெரிந்த ஆளை 'இவர்தான்' என்று சொல்ல 125 போதும். ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

இதை உங்கள் கேட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமாகப் பொருத்துகிற 2.8 மி.மீ. லென்ஸ் சுமார் 100 டிகிரி அகலம் பார்க்கும். 8 மீட்டர் தள்ளி அது காட்டும் காட்சியின் அகலம் ஏறக்குறைய 19 மீட்டர். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 பிக்சல்தான் உண்டு. வகுத்தால் மீட்டருக்கு 100 பிக்சல். அதாவது, தெருவும் மரமும் பக்கத்து வீட்டுச் சுவரும் அழகாகத் தெரியும், கேட்டில் நிற்பவன் முகம் மட்டும் தெரியாது. அதே இடத்தில் 6 மி.மீ. லென்ஸ் வைத்தால் காட்சியின் அகலம் 8 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். 4 மெகாபிக்சல் கேமராவின் 2560 பிக்சலை அதில் பரப்பினால் மீட்டருக்கு 320. முகம் கிடைத்துவிட்டது. எனவே கேட்டுக்கு 4 மெகாபிக்சல், 6 மி.மீ. லென்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். "அகலமாகத் தெரியாதே சார்" என்று பொருத்துபவர் சொல்வார். சொல்லட்டும். கேட்டின் வேலை அகலம் காட்டுவது இல்லை.

வாசலுக்கு நேர்மாறு. ஆள் ஒன்றரை, இரண்டு மீட்டரில் நிற்பார், அங்கே 2.8 மி.மீ.யே சரி. பின் சந்து நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் 4 மி.மீ. எடுங்கள். பல கேமராக்களில் படத்தை 90 டிகிரி திருப்பி நெட்டுவாக்கில் வைக்கும் வசதி உண்டு, சந்துக்கென்றே வந்த வசதி அது. இருபுறச் சுவரில் பிக்சலை வீணாக்காமல் சந்து முழுவதும் தெரியும். மாடிப்படிக்கு 2.8 மி.மீ., படி தொடங்கும் இடத்தைப் பார்க்கிற மாதிரி. மேலே ஏறியவரின் முதுகைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்?

உயரத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். யாரும் எட்டிப் பிடிக்கக் கூடாது என்று நினைத்து நான்கு மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் மாட்டினால், பதிவாவது தொப்பியும் உச்சந்தலையும்தான். வாசல் கேமரா 2.2 முதல் 2.5 மீட்டருக்குள் இருக்கட்டும். மற்றவை 3 மீட்டர் வரை போகலாம். தாழ்வாக இருக்கும் கேமராவை யாராவது திருப்பிவிடுவார்களோ என்று கவலை இருந்தால், அதை இன்னொரு கேமராவின் பார்வைக்குள் வையுங்கள். கேட்டைப் பார்க்கும் கேமராவில் வாசல் தெரியாது, ஆனால் படிக்கட்டுக் கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும். வீட்டின் அமைப்பைப் பொறுத்து இதை அங்கேயே நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

வாசல் கேமராவில் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே நிழல், வெளியே வெயில் என்றால் நிற்பவர் முகம் கறுத்துப்போய் வெறும் உருவமாகத் தெரியும். இதைச் சமன்படுத்தத்தான் டபிள்யூடிஆர் (WDR) என்ற வசதி. பெட்டியில் 120 டெசிபல் (dB) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்; இங்கே அது சத்தத்தின் அளவு இல்லை, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு. 'டிஜிட்டல் டபிள்யூடிஆர்' என்று மட்டும் இருந்தால் அது மென்பொருள் கொஞ்சம் வெளுப்பேற்றிக் காட்டுவது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மா சத்தம் கேட்டது இரவில். அதனால் இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெட்டியில் 'நைட் விஷன் 30 மீட்டர்' என்று போட்டிருந்தால், அவ்வளவு தூரத்தில் ஏதோ ஒன்று அசைவது தெரியும் என்று பொருள். முகம் தெரியும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கேமரா தன் அகச்சிவப்பு விளக்கைப் போட்டு, கறுப்பு வெள்ளையில் பார்க்கிறது. பெரும்பாலானவற்றில் இது 850 நானோமீட்டர் ஒளி. கேமராவை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். 940 நானோமீட்டர் என்றால் அதுவும் தெரியாது, ஆனால் வெளிச்சம் எட்டும் தூரம் குறையும். வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை மெதுவாக்கிக்கொள்ளும். நின்றிருக்கும் பூந்தொட்டி பளிச்சென்று இருக்கும். நடந்து வருகிற ஆள் இழுத்துப் பூசிய மாதிரி கலங்கலாக இருப்பான்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து, கேட் அருகிலும் சந்திலும் ஆள் வந்தால் எரிகிற ஒரு எல்இடி விளக்கு. விலை உயர்ந்த கேமரா வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். வெளிச்சம் விழுந்ததும் கேமராவுக்கு நிறமும் கிடைக்கும், சட்டை நீலமா பச்சையா என்று சொல்ல முடியும். திடீரென்று விளக்கு எரிவதே வந்தவனைத் தயங்க வைக்கும் என்பது உபரி லாபம். வாங்கும்போது சென்சார் அளவையும் பாருங்கள்: 1/2.8 அங்குலத்தைவிட 1/1.8 அங்குலம் பெரியது, இருட்டில் அதிக ஒளி வாங்கும். அதேபோல் எஃப் 1.6-ஐவிட எஃப் 1.0 லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும்.

இரவில் படம் கெடுவதற்குப் பாதிக் காரணம் கேமராவுக்கு வெளியே இருக்கும். கூரை விளிம்புக்கு ஒட்டியபடி கேமராவை மாட்டினால், அகச்சிவப்பு ஒளி அந்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும். கேமரா 'போதுமான வெளிச்சம் இருக்கிறது' என்று நினைத்து மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்து வெளியே பார்க்கச் செய்தாலும் இரவில் இதே கதிதான், கண்ணாடியில் தன் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் சிலந்தி. விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஓடும் ஒற்றை இழை பகலில் கண்ணுக்கே தெரியாது. இரவில் அது திரை முழுக்க வெள்ளைக் கயிறாகத் தொங்கும். காற்றில் ஆடும் ஒவ்வொரு தடவையும் உங்கள் செல்போன் அலறும். மாதம் ஒருமுறை நீளக் கம்பு ஒட்டடைக்குச்சியால் தட்டிவிட யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

தம்பி சொல்லும் வைஃபை கேமராவுக்கு வருவோம். அவர் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை. வாடகை வீடு, துளை போட முடியாது, ஓரிரண்டு இடம் பார்த்தால் போதும் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் 'வயர் இல்லை' என்பதில் பாதிதான் உண்மை. கரண்ட் வயர் எப்படியும் போய்த்தான் ஆக வேண்டும். வயரே வேண்டாத பேட்டரி கேமரா என்றால், அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்து, உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் பதிவு செய்யும். எழுந்து பதிவு தொடங்குவதற்குள் முதல் ஓரிரு நொடி போய்விடும். கேமராவை நோக்கி நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரைத்தான் அந்தச் சென்சார் எளிதில் பிடிக்கும். கோடையில் வெளி வெப்பம் உடல் சூட்டை நெருங்கும்போது இன்னும் மந்தமாகும். போதாததற்கு, கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டிக் கேட் வரை வைஃபை போய்ச் சேர வேண்டும். நீங்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறீர்கள். 'கேமரா ஆஃப்லைன்' என்று வந்தால் ஓடிப்போய் ரீஸ்டார்ட் செய்ய முடியாது. உங்கள் நிலைமைக்கு வயர்தான்.

வயர் என்றால் பிஓஇ. ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை தாங்கும். நான்கு கேபிளும் வீட்டுக்குள் ஒரு பெட்டியில் வந்து சேரும்; அதுதான் என்விஆர், பதிவுப் பெட்டி. கேட்6 (Cat6) ரக நெட்வொர்க் கேபிள், முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய மலிவுக் கேபிள் ஒன்று உண்டு, பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். நீளம் கூடினால் அதில் கரண்ட் இறங்கிப்போய், அகச்சிவப்பு விளக்கு எரியும் இரவு நேரமாகப் பார்த்துக் கேமரா அணைந்து அணைந்து எழும். கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதிலேயே பிடித்துவிடலாம்.

வெளியில் மாட்டிய கேமராக்கள் பழுதாவது பெரும்பாலும் ஒரே இடத்தில். கேமராவிலிருந்து தொங்கும் குட்டை வயரும் நம் கேபிளும் சேருகிற முனை அது. கேமராவுக்குத் தூசியும் நீரும் புகாத ஐபி 67 பாதுகாப்பு இருக்கலாம், அந்த முனைக்கு ஒன்றும் கிடையாது. மழைத் தண்ணீர் கேபிள் வழியே வழிந்து நேராக அதற்குள் இறங்கும், ஒரே வருடத்தில் பச்சை பிடித்துவிடும். கேமராவுக்குப் பின்னால் ஒரு மூடிய ஜங்ஷன் பெட்டி வைத்து, முனையை அதற்குள் தள்ளச் சொல்லுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் அதைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், நீர் அந்தத் தொங்கலிலிருந்து சொட்டிவிடும். படம் எடுத்து அனுப்பச் சொல்லி இதை நீங்களே சரிபாருங்கள்.

சேமிப்புக்கு எளிய கணக்கு. 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் நொடிக்குச் சுமார் 3 மெகாபிட் எழுதும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 32 ஜிபி. நான்குக்கும் 130 ஜிபி. 2 டிபி ஹார்டு டிஸ்க்கில் 15 நாள், 4 டிபியில் 30 நாள். பழசை அழித்துவிட்டுப் புதுசை எழுதிக்கொண்டே இருக்கும். கேமராப் பதிவுக்கென்றே செய்த டிஸ்க்கை வாங்குங்கள், கம்ப்யூட்டரில் போடும் சாதாரண டிஸ்க் இரவு பகல் ஓய்வில்லாமல் எழுதுவதற்கானது இல்லை. 4 டிபி போடுங்கள், தொந்தரவு விட்டது.

அந்தப் பெட்டியை டிவிக்குக் கீழே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கக் கூடாது. திருட வந்தவன் முதலில் அதைத்தான் தூக்குவான். காற்றோட்டமுள்ள, பூட்டும் அலமாரி நல்லது. இங்கேதான் தம்பியின் கிளவுட் யோசனை கைகொடுக்கும்: கேட், வாசல் கேமராக்களில் ஆள் வந்த நேரத்துத் துண்டுப் பதிவுகளை மட்டும் கிளவுடுக்கும் அனுப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியே போனாலும் அந்தப் பதிவு தங்கும். நான்கையும் முழு நேரமும் கிளவுடுக்கு அனுப்ப நினைத்தால் நொடிக்கு 12 மெகாபிட் அப்லோடு ஓயாமல் வேண்டும், பல வீட்டு இணைப்புகள் அதற்கு முகம் சுளிக்கும்.

நீங்கள் அங்கிருந்து பார்க்கும்போதும் அப்லோடு வேகம்தான் முக்கியம். 'நூறு எம்பி இணைப்பு' என்று சொல்வது பெரும்பாலும் டவுன்லோடு. ஆப்பில் நான்கு கட்டமாகப் பார்க்கும்போது சப் ஸ்ட்ரீம் எனப்படும் சிறிய படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் அரை மெகாபிட்தான் கேட்கும். உற்றுப் பார்க்க வேண்டியதை மட்டும் பெரிதாகத் திறந்தால் போதும். இன்னொரு சின்ன விஷயம்: என்விஆரில் அம்மா வீட்டு நேரத்தை வைத்து, நேரத்தை இணையத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும் என்டிபி அமைப்பை இயக்குங்கள். உங்கள் நேரத்தை வைத்துவிட்டால் இரவு அலர்ட்டுகள் பகலில் வரும். ஏதாவது நடந்து பதிவைக் காவல்துறையிடம் கொடுக்க வேண்டி வந்தாலும் நேரம் இடித்துக்கொண்டு நிற்கும்.

ஹேக் பயம் நியாயமான பயம்தான். 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதன் ஆயுதம் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்று, அறுபது சொச்சம். வாங்கியவர்கள் யாரும் மாற்றவில்லை. அந்தக் கருவிப் படையை ஏவியதில் அந்த ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பல மணி நேரம் தடுமாறின. இன்று பல நிறுவனங்கள் முதல்முறை இயக்கும்போதே பாஸ்வேர்டு வைக்கச் சொல்கின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் பொதுவான பாஸ்வேர்டுடன் இவற்றை விற்பதே சட்டவிரோதம்.

நீங்கள் செய்ய வேண்டியதில் முதன்மையானது வேறொன்று. பொருத்த வருபவர் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று தன் செல்போனிலேயே கணக்கு திறந்து, பெட்டியை அதில் சேர்த்து, உங்களுக்குப் 'பகிர்ந்து' கொடுத்துவிட்டுப் போவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் அன்றிலிருந்து உங்கள் வீட்டுக் கேமராவுக்குச் சொந்தக்காரர் அவர், நீங்கள் விருந்தாளி. வீடியோ அழைப்பில் நீங்கள் இருக்கும்போதே உங்கள் மின்னஞ்சலில் கணக்கு திறந்து, பெட்டியை அதில் சேர்க்கச் செய்யுங்கள். வேலை முடிந்ததும் என்விஆரின் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்று எழுத்தில் சொல்லும் நிறுவனத்தின் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

தொலைவிலிருந்து பார்க்க 'போர்ட் ஃபார்வர்டிங் செய்யணும்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அது உலகத்துக்கே திறந்து வைக்கும் கதவு. இப்போது பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்வதால் அது வேலையும் செய்யாது. நிறுவனத்தின் ஆப் வழியே பார்ப்பது போதும். அதில் உங்கள் பெட்டி தானாக வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், வெளியாள் உள்ளே வர வழி திறக்க வேண்டியதில்லை. தம்பிக்குக் கம்ப்யூட்டர் கைவரும் என்றால் வயர்கார்டு போன்ற விபிஎன், அதாவது உங்களுக்கு மட்டுமான பூட்டிய இணையப் பாதை, அமைக்கச் சொல்லலாம், அது இன்னும் நல்லது. ரவுட்டரில் யுபிஎன்பி என்ற வசதியை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், சாதனங்கள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறப்பது அதன் வழியாகத்தான்.

சரி, அம்மா. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நான் அவர் கட்சி. வீட்டுக்குள் ஒரு கேமராவும் வேண்டாம். பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் படம் போகும் பாதையில் வேறு கைகளும் உண்டு. 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ரிங் என்ற கேமரா நிறுவனத்தின் மீது எடுத்த நடவடிக்கை, ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது பற்றியது. 2024 பிப்ரவரியில் வைஸ் (Wyze) என்ற இன்னொரு கேமரா நிறுவனத்தின் கோளாறு ஒன்றில் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் போய்ச் சேர்ந்தன. கேட்டின் படம் வெளியே போனால் போகட்டும், அம்மாவின் அறைப் படம் போகக் கூடாது.

'அவர் விழுந்துவிட்டால்?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்குக் கேமரா மோசமான கருவி. நீங்கள் 24 மணி நேரமும் திரையைப் பார்க்கப்போவதில்லை. கழுத்தில் மாட்டும் அழைப்புப் பொத்தான் ஒன்றும், சமையலறைக் கதவில் ஒரு சின்னக் கதவு சென்சாரும் போதும். காலை எட்டு மணி வரை அந்தக் கதவு திறக்கவில்லை என்றால் உங்களுக்குச் செய்தி வரட்டும். அம்மாவின் ஒரு படமும் எங்கும் போகாது, எழுந்து நடமாடுகிறார் என்பது மட்டும் தெரியும்.

கேமராவை அம்மாவுக்கே கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்வேன். என்விஆரிலிருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்கு இழுங்கள். மணி அடித்தால், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தி வாசலில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் அவர் எழுந்திருக்க வேண்டும். இரவில் சத்தம் கேட்டால், இருட்டில் ஜன்னலோரம் போய் நிற்காமல் படுத்த இடத்திலிருந்தே பின் சந்தில் யார் என்று பார்க்கலாம். தனக்குப் பயன்படுகிறது என்று தெரிந்தால் 'வேவு' என்ற பேச்சே வராது. எந்தக் கேமரா எதைப் பார்க்கிறது என்று அவருக்கும், வீட்டு வேலைக்கு வருபவருக்கும் காட்டிவிடுங்கள். மைக்கை அணைத்தே வையுங்கள். அடுத்தவர் பேச்சைப் பதிவு செய்வதற்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் 'பிரைவசி மாஸ்க்' போட்டு மறைத்துவிடுங்கள். தெருவைப் பார்க்கும் வீட்டுக் கேமரா வெறும் சொந்த விஷயம் ஆகாது என்று 2014-ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே ஒரு செக் நாட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் வீடு இருக்கும் இடத்துச் சட்டத்தைப் பொருத்தும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அலர்ட் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். வெறும் 'மோஷன்' அலர்ட்டை இயக்கினால் இலை, பூனை, வண்டி வெளிச்சம் எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். இரண்டாவது வாரம் நீங்களே அதை மியூட்டில் போட்டுவிடுவீர்கள். மனித உருவத்தைப் பிரித்தறியும் கேமராவாக எடுத்து, கேட்டுக்கு உள்பக்கமாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டினால் மட்டும், இரவு 11 முதல் காலை 5 வரை மட்டும் அலர்ட் வரும்படி வையுங்கள். சந்துக்கும் படிக்கும் அதே நேரம்.

அலர்ட் வந்தால் யார் போய்ப் பார்ப்பது? இதற்கு விடை இல்லாமல் ஒரு கேமராவும் வாங்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கக்கூடிய அக்கம்பக்கத்தார் ஒருவர், உறவினர் ஒருவர், இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்களுக்குக் கேட், சந்து லைவ் மட்டும் பகிருங்கள், பழைய பதிவுகள் வேண்டாம். அவசர எண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து அப்படியே அழைக்க முடியாது என்பதால், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் முழு எண்ணையும் நாட்டுக் குறியீட்டுடன் சேமித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் எல்லாம் போகும். நான்கு கேமரா, என்விஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 50, 60 வாட் இழுக்கும். சிறிய யுபிஎஸ்களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணி இருக்கிறது. இழப்பெல்லாம் போக ஒரு மணி நேரம் தாங்கினாலே அதிகம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய பேட்டரி வைக்க வேண்டும். ஃபைபர் இணைப்பின் சின்னப் பெட்டியும் யுபிஎஸ்ஸில் சொருகியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். என்விஆருக்கும் ரவுட்டருக்கும் கொடுத்துவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிற கூத்து.

கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. பொருத்தி முடித்த அன்று இரவு, விளக்குகள் வழக்கம்போல் இருக்கட்டும். தம்பியையோ வேறு யாரையோ தொப்பி போட்டுக்கொண்டு கேட்டிலிருந்து வாசல் வரை சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து, மொபைல் டேட்டாவில், அந்தப் பதிவைத் தேடி எடுத்து நிறுத்திப் பாருங்கள். முகம் தெரிகிறதா? ஒரு நிமிடத் துண்டை டவுன்லோடு செய்ய வருகிறதா? ரவுட்டரை அணைத்துப் போட்டால் கேமரா தொடர்ந்து பதிகிறதா, மறுபடி போட்டதும் தானாக ஆப்பில் வருகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பழைய ஸ்மார்ட்போனைக் கேட்டிருந்தீர்கள். நிரந்தரக் கேமராவாக வேண்டாம். எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், இரவிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் சுவரில் துளை போடும் முன் அதற்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. கேமரா வரப்போகும் இடத்தில் ஏணி போட்டு, அதே உயரத்தில், அதே கோணத்தில் அந்தப் போனைப் பிடித்துக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். வெயில் நேராக லென்ஸில் விழுகிறதா, கொடி வளர்ந்து மறைக்குமா, பக்கத்து ஜன்னல் தெரிகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் படங்களை அம்மாவிடமும் காட்டிவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.